ராத்திரியில் லேனை அடைத்திருப்பது எவ்வளவு தூரத்திலேயே தெரிய வேண்டும்?

நூல்வண்டி, ஈரோடு:
வணக்கம்ங்க. 16 வருடமாக ஈரோட்டிலிருந்து திருப்பூருக்கு நூல் ஏற்றிப் போகிறேன். பெரும்பாலும் ராத்திரி ஓட்டம்தான். போன வாரம் பெருந்துறை தாண்டி ஓர் இடத்தில் பாலம் வேலைக்காக வலது லேனை அடைத்திருந்தார்கள். மணி ஒன்றரை இருக்கும். மீடியனை உடைத்ததில் அங்கே அரளிச்செடியெல்லாம் போய்விட்டது. எதிரே வந்த பஸ்ஸின் ஹைபீம் நேராகக் கண்ணில் அடித்தது. பஸ் கடந்த அடுத்த நொடி, முன்னால் நாலே நாலு கோன். அதற்குப் பின்னால் கம்பி கட்டிக்கொண்டு ஐந்தாறு பேர். பிரேக்கை மிதித்து இடதுபுறம் ஒடித்தேன். அந்த லேனில் வண்டி ஏதும் வராததால் தப்பித்தோம். திடுக்கிட்டு எழுந்த ஒரு பையனின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

'வேலை நடக்கிறது' பலகை இருந்ததுங்க. ஆனால் கோனுக்கு நாற்பது அடி முன்னால், புழுதி மூடிப்போய். இதற்கெல்லாம் அளவு ஏதும் கிடையாதா? என் பக்கம் நான் என்ன மாற்றிக்கொள்ள வேண்டும்?

சைட்_சங்ககிரி:
அண்ணா, நான் ரோடு வேலையில் சூப்பர்வைசராக இருந்தவன். அளவு உண்டு. ரோடு வேலைக்கு நெறிமுறை வகுக்கும் ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலைக் காங்கிரஸ்) 2014-இல் போட்ட எஸ்.பி. 55 கையேடு, வேலை நடக்கும் இடத்தை நான்காகப் பிரிக்கிறது: முன்கூட்டியே எச்சரிக்கும் இடம், லேனைக் குறுக்கும் இடம், வேலை செய்யும் இடம், பழையபடி விரியும் இடம். எங்கள் ஆட்களின் கவனமெல்லாம் மூன்றாவதில்தான். உங்களுக்கு ஆபத்து வந்தது முதல் இரண்டில்.

80 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் போகும். டிம் லைட்டில் ஐம்பது அறுபது மீட்டர் தெரிந்தாலே பெரிது. பார்த்தது உறைத்துக் கால் பிரேக்குக்குப் போக இரண்டரை நொடி என்று இன்ஜினியர்கள் கணக்கு வைக்கிறார்கள். அதற்குள் 55 மீட்டர் போய்விடும். பிரேக் பிடிப்பதே அதற்கப்புறம்தான். அதனால் லேனைச் சட்டென்று மூடக் கூடாது, சாய்வாக ஒதுக்கிக்கொண்டு வர வேண்டும். அமெரிக்காவில் இதற்கு ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: மைல் வேகத்தை லேனின் அடி அகலத்தால் பெருக்க வேண்டும். 50 மைல் (நம் 80 கி.மீ.), 12 அடி என்றால் 600 அடி. கிட்டத்தட்ட 180 மீட்டருக்குக் கோன் வரிசை. நாலு கோனை வைத்து என்ன செய்ய முடியும்?

அப்புறம் அந்தப் புழுதி. ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் தானாக ஒளிராது. உங்கள் ஹெட்லைட் வெளிச்சத்தைத்தான் உங்களிடமே திருப்பி அனுப்புகிறது. புழுதி மூடினால் அது வெறும் தகரம். நான் தினமும் பொழுது சாயும்போது ஈரத்துணியால் துடைக்கச் சொல்வேன். பஸ் காற்றில் கோன் உருண்டுவிடும், அதை நிமிர்த்தவே ஓர் ஆள் வேண்டும். ஃபோகஸ் லைட்டை வண்டி வரும் திசைக்குத் திருப்பி வைப்பதும் பெரிய தப்பு. டிரைவர் கண் கூசி, ஆளையே பார்க்க மாட்டார். வேலை தொடங்கும் முன் நானே பைக்கில் டிம் போட்டு இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்ப்பேன். எனக்கே தெரியாத பலகை வேறு யாருக்குத் தெரியும்?

ட்ரெய்லர்_நாமக்கல்:
சைட்காரர் சொன்னது சரிதாங்க. நம் பக்கமும் ஒன்று இருக்கிறது. முதல் பலகையைப் பார்த்ததுமே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். எதிர் வெளிச்சம் அடித்தால் அதைப் பார்க்காமல் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். வேகத்தைக் குறைக்கும்போது ஹசார்ட் போட்டால் பின்னால் வருகிறவனுக்கும் புரியும். கடைசி நொடியில் உள்ளே நுழைகிறவனுக்கு இடம் விட்டுவிடுங்கள், அங்கே வீம்பு வேண்டாம். மழை ராத்திரி என்றால் இன்னும் நிதானம். அழிக்காமல் விட்ட பழைய கோடு பளபளவென்று தெரிந்து, நேராக அடைப்புக்கே இழுத்துக்கொண்டு போகும்.

நூல்வண்டி, ஈரோடு:
ரொம்ப நன்றிங்க. இரண்டரை நொடிக் கணக்கைப் படித்ததும் கை நடுங்கியது. நேற்று தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குப் பேசினேன். எந்தக் கிலோமீட்டர் என்று கேட்டார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்குப் பத்து மணிக்கு லோடு. அந்த இடத்துக் கல்லில் இருக்கும் எண்ணைக் குறித்து வைக்கக் கிளீனரிடம் சொல்லியிருக்கிறேன். குறித்ததும் திரும்பவும் பேசுகிறேன்.