'கோனிகோபொலி' எந்த ஊர்? உதவி தேவை

ஏட்டுச்சுரைக்காய்:
செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் பழைய ஆங்கில ஆவணத் தொகுப்பு ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் 'கோனிகோபொலி' என்று ஒரு சொல் அடிக்கடி வருகிறது. டிரிச்சினோபொலி என்றால் திருச்சிராப்பள்ளி. அப்படியானால் இதுவும் ஏதோ ஒரு பள்ளியாகத்தானே இருக்க வேண்டும்? ஓரிடத்தில் 'டவுன் கோனிகோபொலி' என்றே போட்டிருக்கிறார்கள். பழைய வரைபடங்களில் இரண்டு நாளாகத் தேடிவிட்டேன், அப்படி ஓர் ஊரே இல்லை. கைப்பேசி அகராதியும் கைவிரித்துவிட்டது.

வழிப்போக்கன்:
ஓசூர் பக்கம் பள்ளி என்று முடியும் ஊர்கள் ஏராளம். அங்கே பாருங்களேன்.

மைக்கூடு:
பார்க்க வேண்டாம். சொல் வரும் வரியைச் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:
ஒரு வரியில் கோனிகோபொலிக்கு மாதச் சம்பளம் இவ்வளவு என்று இருக்கிறது.

மைக்கூடு:
ஊருக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா? அது ஆள். நாலு தடவை வேகமாக வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: கணக்கப்பிள்ளை!

நம் சொல்லை முதலில் வாயில் போட்டு மென்றவர்கள் போர்த்துக்கீசியர்கள். முத்துக்குளித்துறையில் இருந்த பாதிரியார் பிரான்சிஸ் சேவியர் 1544-இல் எழுதிய கடிதத்திலேயே இது இருக்கிறது. எழுதத் தெரிந்த ஒரு கணக்கப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ, ஊருக்கு ஊர் ஜெபங்களை எழுதி வைத்துவிட்டு வா என்கிறார். அப்புறம்தான் ஆங்கிலேயர் வாய்க்குப் போய் 'பொலி' ஆனது. 'டவுன் கோனிகோபொலி' என்பது நகரக் கணக்கப்பிள்ளை என்ற பதவி.

இந்த மாதிரிச் சொற்களுக்குக் கைப்பேசி அகராதி உதவாது. இந்தியாவில் ஆங்கிலேயர் வழங்கிய சொற்களுக்கென்று 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியைப் புரட்டுங்கள். தொகுத்தவர்கள் யூல், பர்னெல் என்று இருவர். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், நூல் அச்சாகும் முன்பே 1882-இல் இறந்துவிட்டார். கணக்கு, பிள்ளை என்று சொல்லைப் பிரித்தே அதில் பொருள் சொல்லியிருக்கிறார்கள்.

கொழுந்துக்கூடை:
அண்ணா, ஆங்கிலத்தில் செத்துப்போன சொல்லாக இருக்கலாம். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் அந்த ஆளைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். துரைக்குக் கீழே கணக்கப்பிள்ளை, கங்காணி என்று வரிசை. எங்கள் அம்மம்மா விடியற்காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு ஓடுவார். கணக்கப்பிள்ளை பேர் போட்டால்தான் அன்றைய சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். அந்தப் 'பெரட்டு' வேறொன்றுமில்லை, ஆங்கிலப் பரேட்தான். அவர்கள் நம் பிள்ளையைப் பொலியாக்கினார்கள், நாம் அவர்கள் பரேடைப் பெரட்டாக்கிவிட்டோம்.

ஏட்டுச்சுரைக்காய்:
சரி, புரிந்துவிட்டது. சம்பள வரி இப்போது ஒழுங்காகப் படிக்க வருகிறது. மைக்கூடு ஐயாவுக்கு நன்றி. இரண்டு நாள் வரைபடத்தில் ஊர் தேடியதற்கு அந்தக் கணக்கப்பிள்ளை எனக்கு அரைப்பேர்கூடப் போட மாட்டார்.