கூத்தப்பாக்கத்தில் மாதம் 600 ரூபாய்க்குள் வீட்டு இணைய இணைப்பு: எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

கணக்கு ஆசிரியை, கூத்தப்பாக்கம்:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூர் கூத்தப்பாக்கத்துக்குக் குடிவந்து ஒரு மாதம் ஆகிறது. வாடகை வீடு. என் கணவர் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தபடியே அலுவலக வேலை பார்க்கிறார். நான் மாலை 6 மணி முதல் 8 மணி வரை பத்தாம் வகுப்பு மாணவர்கள் சிலருக்கு இணையவழியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். மாமியார் இரவில் தொடர்களை இணையம் வழியாகத் தொலைக்காட்சியில் பார்க்கிறார். இத்தனைக்கும் இதுவரை இரண்டு கைப்பேசிகளின் ஹாட்ஸ்பாட்டைத்தான் நம்பியிருக்கிறோம். நாளொன்றுக்கு 2 ஜிபி என்ற அளவு மாலை ஏழு மணிக்கே தீர்ந்துவிடுவதால், கணக்கை விளக்கிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு நின்றுபோன நாள்கள் பல. கட்டணம் செலுத்திப் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்படிச் செய்யலாமா என்று மனம் உறுத்துகிறது.

மாதம் 600 ரூபாய்க்கு மேல் எங்களால் ஒதுக்க இயலாது. விசாரித்த வரையில், பெரிய நிறுவனம் ஒன்றின் ஃபைபர் திட்டம் 30 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 399 ரூபாய் என்றும், மற்றொன்று 40 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 499 ரூபாய் என்றும் விளம்பரம் செய்கின்றன. எங்கள் தெருக் கேபிள்காரர் 100 எம்பிபிஎஸ் இணைப்பை 500 ரூபாய்க்கே தருவதாகவும், நிறுவும் செலவாக 2,000 ரூபாய் முதலில் கட்ட வேண்டும் என்றும் சொல்கிறார். கம்பியே இல்லாமல் மொட்டை மாடியில் ஒரு பெட்டியைப் பொருத்தி 5ஜி வழியாகத் தரும் இணைப்பைப் பற்றியும் ஒருவர் சொன்னார்.

முந்தைய வீட்டில் ஒரு முறை கம்பி அறுந்து பதினொரு நாள் இணைப்பே இல்லாமல் இருந்தோம். ஒவ்வொரு நாளும் நாளை வருவதாகச் சொன்னார்களே தவிர யாரும் வரவில்லை. அந்த நாள்களுக்கான பணமும் திரும்பவில்லை. இம்முறை அப்படி ஆகாமல் இருக்க எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் முதன்மையான கேள்வி. 30 எம்பிபிஎஸ் எங்கள் நால்வருக்கும் போதுமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், செம்மண்டலம்:

அம்மா, முதலில் பணக் கணக்கைப் பார்த்துவிடுவோம். விளம்பரத்தில் உள்ள தொகையுடன் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேரும். ஆகவே 399 ரூபாய் என்பது உங்கள் கையிலிருந்து ஏறத்தாழ 471 ரூபாயாகவும், 499 ரூபாய் என்பது 589 ரூபாயாகவும் போகும். இரண்டும் உங்கள் வரம்புக்குள்தான் இருக்கின்றன. கேபிள்காரர் சொல்லும் 500 ரூபாயில் வரி அடங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். அடங்காவிட்டால் அது 590 ரூபாய். அதோடு நிறுவும் செலவான 2,000 ரூபாயையும் 12 மாதத்துக்குப் பகிர்ந்தால் மாதத்துக்கு இன்னும் 167 ரூபாய் கூடும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் சேர்க்க வேண்டும், ஏனெனில் வீடு மாறும்போது அந்தத் தொகை திரும்ப வராது. மோடம் அவர்களுடையதா உங்களுடையதா, முன்பணம் வாங்கினால் திரும்பத் தருவதற்கு ரசீது உண்டா என்பவற்றையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒரே தவணையாகக் கட்டினால் நிறுவும் செலவு இல்லை என்பார்கள். அது உண்மையான சலுகைதான் என்றாலும், இணைப்பு எப்படியிருக்கிறது என்று தெரியாமல் ஓராண்டுப் பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டால், பிறகு சேவை சரியில்லை என்றாலும் விட்டு வெளியேற மனம் வராது. முதல் மூன்று மாதம் சிறு தவணையாகக் கட்டிப் பார்ப்பதே உங்கள் நிலைக்கு ஏற்றது என்பது என் கருத்து.

வேகத்தைப் பொறுத்தவரை 30 எம்பிபிஎஸ் உங்களுக்குத் தாராளமாகப் போதும். காணொளிக் கூட்டத்துக்கு நபருக்கு 3 முதல் 4 எம்பிபிஎஸ்ஸும், தெளிவான எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ்ஸும் இருந்தால் போதும். கணவர் கூட்டத்தில் இருக்கும்போதே நீங்கள் பாடம் எடுத்து, மகளும் மாமியாரும் ஆளுக்கொரு காணொளி பார்த்தாலும் மொத்தம் 18 எம்பிபிஎஸ்தான் ஆகிறது. அளவு வரம்பும் உங்களைத் தொல்லை செய்யாது: இத்திட்டங்களில் பொதுவாக மாதத்துக்கு 3,300 ஜிபி வரை முழு வேகம் கிடைக்கும், அதாவது நாளுக்கு 110 ஜிபி. எச்டி படம் மணிக்கு 3 ஜிபி, காணொளிக் கூட்டம் மணிக்கு 2 ஜிபிக்குள் என்று வைத்துக்கொண்டால், உங்கள் வீடு முழுவதும் சேர்ந்தும் ஒரு நாளில் 30 ஜிபியைத் தொடாது. ஆகவே 100 எம்பிபிஎஸ் என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆனால் நீங்கள் பாடம் எடுப்பவர் என்பதால், பதிவிறக்க வேகத்தைப் போலவே பதிவேற்ற வேகமும் 30 இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்கள் முகமும் குரலும் மாணவர்களிடம் போய்ச் சேர்வது அந்த வழியில்தான்.

ஃபைபர் பணியாளர், அரியாங்குப்பம்:

சகோதரி, நான் பதினான்கு ஆண்டுகளாகப் புதுச்சேரிப் பகுதியில் கேபிள் இழுத்தும் ஒட்டுப்போட்டும் வருகிறேன். ஐயா சொன்ன கணக்கு சரியானது. ஆனால் உங்கள் முதன்மையான கேள்வி பழுதைப் பற்றியது என்பதால், என் தொழிலில் கண்டதை விரிவாகச் சொல்கிறேன்.

நிறுவனத்தின் நிலையத்திலிருந்து புறப்படும் ஒரே கண்ணாடி இழை, வழியில் ஸ்ப்ளிட்டர் என்னும் சிறு பெட்டிகளில் பிரிந்து பிரிந்துதான் வீடுகளுக்கு வருகிறது. பெரும்பாலான ஊர்களில் இருக்கும், ஜிபான் என்னும் இந்தப் பகிர்வு முறையில் அந்த ஒரு இழை ஏறத்தாழ 2,500 எம்பிபிஎஸ் சுமக்கும். அது 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிரப்படும். 64 வீடுகளும் ஒரே நொடியில் முழுமையாக இழுத்தால்கூட வீட்டுக்கு 39 எம்பிபிஎஸ் கிடைக்க வேண்டும். ஆகவே இரவு எட்டு மணிக்கு வேகம் 5 எம்பிபிஎஸ்ஸாக விழுகிறது என்றால் பழி பெரும்பாலும் உங்கள் தெரு இழையில் இல்லை. சேவை தருபவர் மேலிடத்தில் வாங்கும் மொத்த இணையக் கொள்ளளவு அவர் சேர்த்துவைத்த வீடுகளுக்குப் போதவில்லை என்று பொருள். 500 ரூபாய்க்கு 100 எம்பிபிஎஸ் என்று சொல்பவரிடம் இணைப்பு வாங்கும் முன், அவருடைய வாடிக்கையாளர் ஒருவர் வீட்டில் இரவு 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையே வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். காலையில் சோதிப்பதால் பயனில்லை.

அடுத்தது பவர், அதாவது இழை வழியாக உங்கள் வீடு வரை வந்துசேரும் வெளிச்சத்தின் அளவு. இணைப்புக் கொடுக்க வருபவரின் கையில் பவர் மீட்டர் இருக்கும். உங்கள் வீட்டில் இழையின் முனையை அதில் சொருகினால் மைனஸ் 18, மைனஸ் 22 என்பது போல ஓர் எண் காட்டும். மைனஸ் 24 வரை நல்லது. மைனஸ் 27ஐத் தாண்டினால் மோடத்தில் சிவப்பு விளக்கு எரிவதும் அணைவதுமாக இருக்கும். மூன்று எண் குறைந்தால் வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று பொருள். மைனஸ் 26இல் இணைப்பைக் கொடுத்துவிட்டு, இப்போது வேலை செய்கிறதே என்று சொல்லிக் கிளம்புகிறவர்கள் உண்டு. அடுத்த மழையில் ஒட்டுப்போட்ட ஓரிடத்தில் நீர் புகுந்தாலோ, கேபிள் ஓரிடத்தில் மடங்கினாலோ அது நின்றுவிடும். அந்த எண்ணைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்வது உங்கள் உரிமை. பின்னால் பழுது வரும்போது, அன்று மைனஸ் 19 இருந்தது, இன்று எவ்வளவு என்று நீங்கள் கேட்டால், வந்தவர் மோடத்தை அணைத்துப் போட்டுவிட்டுப் போக மாட்டார்.

மூன்றாவதும் நான் மிகவும் வலியுறுத்துவதும், கம்பி வரும் வழி. நம் கரையோரத்தில் பெரும்பாலான இழைகள் மின்கம்பங்களில்தான் தொங்குகின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது கம்பங்களே சாய்ந்தன. 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புதுச்சேரியருகே கரையைக் கடந்தபோதும் மரங்கள் விழுந்து கேபிள்கள் அறுந்தன. அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணை திறக்கப்பட்டுப் பெண்ணையாற்று வெள்ளம் உங்கள் கடலூர்ப் பகுதிக்குள் புகுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாள்களில் நாங்கள் ஏணியோடு அலைந்தோம். அப்போது நான் கண்டது இதுதான்: எந்தப் பகுதிக்கென்று ஓர் ஆள் உள்ளூரிலேயே இருந்தாரோ, ஒட்டுப்போடும் இயந்திரம் அருகிலேயே இருந்ததோ, அங்கே மூன்று நான்கு நாளில் இணைப்பு வந்துவிட்டது. நிறுவனத்தின் பெயர் பெரிதா சிறிதா என்பது அதில் வேறுபாட்டை உண்டாக்கவில்லை. ஒரே நிறுவனத்தின் சேவை ஒரு நகரில் சிறப்பாகவும் அடுத்த நகரில் மோசமாகவும் இருப்பதன் காரணமும் இதுவே. பிஎஸ்என்எல் ஃபைபர்கூடப் பல இடங்களில் உள்ளூர்ப் பங்குதாரர்கள் வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறது. அந்தப் பங்குதாரர் நல்லவராக அமைந்தால் அதைவிட நிம்மதியான இணைப்பு கிடைப்பது அரிது.

ஆகவே விலைப் பட்டியலை மூடிவைத்துவிட்டு, உங்கள் தெருவில் நான்கு வீடுகளுக்குப் போய், யாருடைய இணைப்பு வைத்திருக்கிறீர்கள், ஃபெஞ்சலுக்குப் பின் எத்தனை நாளில் வந்தது, பழுதென்றால் யார் வருகிறார் என்று கேளுங்கள். இந்த மூன்றாவது கேள்விக்கு அவர்கள் ஒரு மனிதரைச் சுட்டிக்காட்டினால் அங்கே இணைப்பு வாங்கலாம். ஒரு கட்டணமில்லா எண்ணை மட்டும் சொன்னால் தயங்குங்கள்.

தவளக்குப்பம் வாசகர்:

5ஜி வழி இணைப்பு எங்கள் வீட்டில் எட்டு மாதமாக இருக்கிறது. எங்கள் தெருவுக்கு ஃபைபர் வராததால் அதை வாங்கினோம். கோபுரம் மொட்டை மாடியிலிருந்து நேராகத் தெரிவதால் பகலில் நல்ல வேகம் கிடைக்கிறது, இரவில் பாதியாகிறது. படம் பார்ப்பதற்கு இதுவே போதும். ஆனால் பதிவேற்ற வேகம் குறைவு என்பதால் பாடம் எடுப்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபைபர் கிடைக்கும் தெருவில் ஃபைபரே சரி.

கணக்கு ஆசிரியை, கூத்தப்பாக்கம்:

ஐயாவுக்கும் அரியாங்குப்பம் அண்ணனுக்கும் மிக்க நன்றி. பவர் எண்ணைப் பற்றி இதுவரை யாரும் எங்களுக்குச் சொன்னதே இல்லை. இன்னும் ஓர் ஐயம்: எல்லாம் பார்த்து வாங்கிய பிறகும் பழுதைச் சரிசெய்யாமல் இழுத்தடித்தால் யாரிடம் முறையிடுவது?

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், செம்மண்டலம்:

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிமுறைப்படி இதற்கு இரண்டு படிகள் உண்டு. முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவுசெய்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். தொலைபேசியில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு எண் வாங்காமல் விட்டால் புகார் கொடுத்ததற்கே சான்று இல்லாமல் போகும். நெல்லிக்குப்பத்தில் உங்களுக்கு நேர்ந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். குறித்த காலத்தில் தீர்வு இல்லாவிட்டாலோ, தீர்வு நிறைவளிக்காவிட்டாலோ, 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம்; அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை என்பதால் அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம்.

இந்த வழி உங்களுக்குத் திறந்திருக்க வேண்டுமென்றால், ரசீது உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். கேபிள்காரரிடம் வாங்கினாலும், அவர் எந்த நிறுவனத்தின் இணைப்பைத் தருகிறார் என்று கேட்டு, பணத்தை அந்நிறுவனத்தின் செயலி வழியாகவே செலுத்துங்கள். கையில் பணம் கொடுத்து ரசீது இல்லாமல் வாங்கினால், மேல்முறையீட்டுக்குக் கையில் ஒரு தாளும் இருக்காது.

கணக்கு ஆசிரியை, கூத்தப்பாக்கம்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அண்ணன் சொன்னபடி தெருவில் நான்கு வீடுகள் அல்ல, ஏழு வீடுகளில் விசாரித்தேன். கேபிள்காரரின் 100 எம்பிபிஎஸ் இணைப்பை வைத்திருக்கும் வீட்டில் இரவு 9 மணிக்குச் சோதித்தபோது 11 எம்பிபிஎஸ்தான் வந்தது. 399 ரூபாய்த் திட்டத்தை வைத்திருக்கும் மூன்று வீட்டினரும் பழுதுக்கு வரும் ஒரே தம்பியின் பெயரைச் சொன்னார்கள். அவர் பக்கத்திலேயே குடியிருக்கிறார், ஃபெஞ்சலுக்குப் பின் ஐந்தாம் நாள் அவர்கள் வீட்டு இணைப்பைச் சரிசெய்திருக்கிறார். அதையே மூன்று மாதத்துக்கு மட்டும் வாங்கினோம். பவர் எவ்வளவு என்று நான் கேட்டதும் அந்தத் தம்பி சற்று வியந்து பார்த்துவிட்டு மீட்டரை என்னிடமே காட்டினார்: மைனஸ் 20. அதை மோடத்தின் பின்புறம் தாளில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன். பதிவேற்றமும் 30 வருகிறது.

மோடத்தை வாசலருகே வைக்க முயன்றவரிடம் கேட்டுக் கூடத்தின் நடுச்சுவரில் வைக்கச் செய்தேன், அதனால் உள்ளறையிலும் வைஃபை எட்டுகிறது. நேற்று மாலை இங்கே அரை மணி நேரம் மின்சாரம் போனது; மோடத்துக்கென 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்றை வாங்கிவைத்திருந்ததால் பாடம் நிற்கவில்லை.

ஃபைபர் பணியாளர், அரியாங்குப்பம்:

மகிழ்ச்சி, சகோதரி. ஒன்று மட்டும் செய்யுங்கள்: கேபிள் வீட்டுக்குள் நுழையும் துளைக்கு வெளியே அது ஒரு வளைவாகக் கீழே தொங்கி, பிறகு மேலேறித் துளைக்குள் போகிறதா என்று பாருங்கள். அப்படி இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே மோடம் வரை வந்துவிடும். மழைக்கு முன்பே அந்தத் தம்பியிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவார்.