வண்டிய நாமளே சரி பண்ணப் போய்ப் பட்ட பாடு: மனசுல இருந்து போகாத ஒண்ணச் சொல்லுங்க

இரணியல் ரோடு

மூணு வருஷமா உறுத்துது, அதான் எழுதுறேன். 2014 ஸ்ப்ளெண்டர், கார்புரேட்டர் வண்டி. தெனம் மார்த்தாண்டத்துல இருந்து நாகர்கோவில் வேலைக்குப் போய்ட்டு வருவேன். ஆனி ஆடி மழையில டேங்க்குக்குள்ள வெள்ளம், அதான் தண்ணி, இறங்குதுன்னு சந்தேகம். மூடிக்கு மேல ஒரு பாலித்தீன் கவர மடிச்சு வச்சு, டேங்க் கவர அதுக்கு மேல இழுத்து இறுக்கிட்டேன். பெரிய கெட்டிக்காரன்னு நெனப்பு.

அதுக்குப் பிறகு தக்கலை தாண்டினா வண்டி நிக்கும். பத்து நிமிசம் கழிச்சு உதைச்சா பிடிக்கும், நாலு கிலோமீட்டர் ஓடும், மறுபடி நிக்கும். பிளக் மாத்தினேன். ரோட்டோரம் குத்த வச்சு கார்புரேட்டர் கிண்ணத்தக் கழத்திக் கழுவினேன். ஏர் ஃபில்டர் மாத்தினேன். ம்ஹூம்.

வழக்கமா போற மெக்கானிக்கிட்ட ரெண்டு தடவ கொண்டு விட்டேன். ரெண்டு தடவயும் அவரு குழித்துறை வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு, "வண்டியில ஒண்ணும் இல்ல தம்பி"ன்னார். ரெண்டாவது தடவ நான் எகிறிட்டேன். கடையில நாலு பேரு நிக்காங்க. "வேல தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லும் ஓய், ஆளப் பைத்தியம் ஆக்காதியும்"னு சொல்லிட்டு வந்துட்டேன். என்னை விட இருபது வயசு மூத்தவரு.

அடுத்த வாரம் வில்லுக்குறி பக்கத்துல நின்னு போச்சு. மட்டிப்பழத் தார் ரெண்டு கட்டிக்கிட்டு டிவிஎஸ் எக்ஸ்எல்-ல வந்த ஒரு பாட்டா நிறுத்தினார். எறங்கக்கூட இல்ல. "மூடியத் தொறந்து பாத்தியா மக்களே?" "பெட்ரோல் இருக்கு பாட்டா." "பெட்ரோலக் கேக்கல. மூடியத் தொற."

தொறந்தேன். ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம். காத்து வெளிய வர்ற சத்தம் இல்ல, உள்ள இழுக்குற சத்தம். கையில இருந்த பாலித்தீன் டேங்க் வாய்க்குள்ள போகப் பாத்துச்சு. ஒரே உதை, வண்டி பிடிச்சுட்டு. மூடியில காத்து போறதுக்கு ஒரு சின்னத் தொள உண்டு, அத நான்தான் அடைச்சு வச்சிருந்தேன். பெட்ரோல் இறங்க இறங்க உள்ள வெற்றிடம் ஆகி, ஒரு கட்டத்துல கார்புரேட்டருக்கு எறங்காம நின்னிருக்கு. பத்து நிமிசத்துல எங்கயோ இடுக்கு வழியா கொஞ்சம் காத்து கேறும், அப்போ மறுபடி ஓடும்.

மெக்கானிக்கு ஏன் கண்டுபிடிக்கல? கவர் அழுக்காகுமேன்னு அதையும் பாலித்தீனையும் முதல்ல நான்தான் கழத்திட்டுக் குடுப்பேன். வண்டியத் திருப்பி வாங்கின உடனே மறுபடி மாட்டிருவேன். அவரு கண்ணுல அந்தப் பாலித்தீன் படவே இல்ல.

பாட்டா காசு வாங்கல, ஒரு சீப்பு மட்டி வேற தந்தாரு. மெக்கானிக்கிட்ட இன்னும் போகல. அவரு கடை இருக்கிற ரோட்ட விட்டுட்டு பம்மம் வழியா சுத்தித்தான் போறேன், வர்றேன்.

தேங்காப்பட்டணம் 75

எனக்க கதை சின்னது. திங்கள்சந்தை, சாயங்காலம், புது பிஎஸ்6 வண்டி. ஸ்டார்ட் ஆகல. ஃபியூஸ் பாத்தேன், பேட்டரி கம்பிய ஆட்டிப் பாத்தேன், சீட்டக் கழத்தி ரோட்டுல வச்சேன். தேங்கா விக்கிற அக்கா ஒருத்தங்க அரை மணி நேரமா பாத்துட்டே இருந்தாங்க. கடைசியில "கால எடுத்து விடும் பிள்ளே"ன்னாங்க. எந்தக் கால்? சைடு ஸ்டாண்டு.

ஸ்டாண்டு எடுக்காம கியர்ல கிடந்தா இந்த வண்டி ஸ்டார்ட் ஆகாது. அப்படியே வச்சுக்கிட்டு அரை மணி நேரம். சவம், இப்பவும் அந்தச் சந்தைக்குப் போனா மொதல்ல குனிஞ்சு ஸ்டாண்டப் பாப்பேன். அந்த அக்கா சிரிக்கும்.

ரப்பர்பால்

மச்சான் வண்டி. தங்கச்சி கல்யாணம் முடிஞ்சு ரெண்டே மாசம். "ஆயில் மாத்த எதுக்கு மாப்ள கடைக்குப் போணும், நான் மாத்தித் தாரேன்"னு வாயக் குடுத்துட்டேன். குலசேகரத்துல எங்க வீட்டு முற்றம், ஒரு பக்கம் ரப்பர் ஷீட்டு காயுது. எல்லாம் நல்லாத்தான் போச்சு. பழைய ஆயில் வடிஞ்சாச்சு. ஆயில் வடிக்கிற தொளைய அடைக்கிற டிரெயின் போல்ட்ட திருப்பி மாட்டும்போது, "ஒழுகிரக் கூடாது"ன்னு 17 ஸ்பானர் முனையில ஒரு இரும்புக் குழாயச் சொருகி அழுத்தினேன்.

இறுகிட்டே வந்துச்சு. இறுகிட்டே வந்துச்சு. பொறவு திடீர்னு லேசாச்சு.

அந்த "லேசாச்சு" இருக்கே, அது கையிலதான் தெரியும், சத்தமே வராது. போல்ட்டக் கழத்தினா, புரியில அலுமினியம் வெள்ளிச் சரிகை மாதிரி சுத்திக்கிட்டு வருது. மச்சான் திண்ணையில சாயா குடிச்சிட்டு, "முடிஞ்சா மச்சான்?"னு கேக்காரு. நான் "ஆச்சு ஆச்சு"ங்கேன்.

டெஃப்லான் டேப்பச் சுத்தி மாட்டிக் குடுத்து விட்டேன். அதத்தான் மன்னிக்க முடியல. சொல்லிருக்கணும். அருமனை போறதுக்குள்ள எறங்கித் தள்ளிருக்காரு. காலெல்லாம் ஆயிலு. பிறகு மார்த்தாண்டத்துல ஒரு லேத்துல குடுத்து, உள்ள கம்பிச்சுருள் புரி போட்டு எடுத்தேன், இன்னைக்கு வரைக்கும் ஒழுகல. ஆனா வீட்டுல எது பழுதானாலும், மிக்சி ஆனாலும் சரி, மச்சான் "குழாய எடுத்துட்டு வாரும்"பாரு.

ஸ்பானர்செட்

ரப்பர்பால், தப்பு குழாயில மட்டும் இல்ல. அந்தப் போல்ட்டோட வாஷர் மாத்தினீரா? அதச் சொல்லவே இல்ல. அந்த வாஷர் ஒரு தடவ நசுங்கி அடைக்கிறதுக்குத்தான். பழசையே போட்டா லேசாக் கசியும், கசியுதேன்னு ஆளு இன்னும் இறுக்குவான், இரும்பு போல்ட்டு அலுமினியத் தொளைய அறுத்துட்டுப் போயிரும். முதல்ல கையாலயே நாலஞ்சு சுத்து போகணும், போகலேன்னா கோணலா ஏறுதுன்னு அர்த்தம். பிறகு ஸ்பானரோட நடுவுல பிடிச்சு இறுக்கணும், முனையில பிடிக்கக் கூடாது. வண்டிய அஞ்சு நிமிசம் சூடாக்கிட்டு வடிக்கணும், கொதிக்கிற அளவுக்கு வேண்டாம், கை வெந்துரும். வடிச்ச ஆயில ஓடையில ஊத்தாதீங்க. நம்ம ஊர்ல வேலிக் கம்புக்கு அடிப்பாங்க, கறையானுக்குன்னு. அதுவும் நல்லதில்ல, கெணறு பக்கத்துலயே இருக்கும். பழைய ஆயில் எடுக்கிறவங்க வொர்க்‌ஷாப்புக்கு வருவாங்க, கேன்ல பிடிச்சு அங்க குடுங்க.

அளவும் முக்கியம். ஒரு லிட்டர் பாக்கெட்ட உடைச்சு அப்படியே கவுக்கிறவங்கதான் ஜாஸ்தி. எல்லா வண்டிக்கும் முழு லிட்டர் கெடையாது. கூடிட்டா எஞ்சினோட மூச்சுக்குழாய் வழியா ஏர் ஃபில்டருக்குள்ள வந்துரும். நடு ஸ்டாண்டு போட்டு, ஆயில் அளவு பாக்குற குச்சியத் தொடச்சு, புரி முழுசா இறுக்கி, வெளிய எடுத்துப் பாக்கணும்.

எனக்க கதைன்னு பெருசா இல்ல. ஒரு தடவ பின் பிரேக் டிரம்முல ஆயில் பட்டு பரைக்கோடு எறக்கத்துல வண்டி நிக்கல. ஒரு வேலியில போய் நின்னேன். அவ்வளவுதான்.

கோட்டாறு புல்லட்

ஸ்பானர்செட் தம்பி, குச்சிய இறுக்கக் கூடாது. தொடச்சிட்டு, புரி மேல சும்மா உக்கார வச்சு எடுத்துப் பாக்கணும். இறுக்கினா குச்சி கீழ போகும், ஆயில் ஜாஸ்தி இருக்கிற மாதிரி காட்டும். நீரு சொல்ற மாதிரி பாத்தா எல்லாரும் கொறச்சு ஊத்திட்டு ஓட்டுவாங்க. வேலியில போய் நின்னத ஒரு வரியில முடிச்சுட்டீரே, அதுக்குத்தானே இந்தத் திரி?

என் கதைக்கு வாரேன். பழைய புல்லட்டு, பிளக்குல பொறி வர்றதுக்குத் தொறந்து மூடுற பாயிண்ட் வச்சது, வலது பக்கம் கியரு. ரிட்டயர் ஆன பிறகு பாயிண்ட் இடைவெளி நானே வைக்கிறேன்னு ஆரம்பிச்சேன். 0.35-ல இருந்து 0.40 மி.மீ. ஃபீலர் கேஜ் வாங்கி, கண்ணாடி போட்டு, நல்லாத்தான் வச்சேன். அதோட விட்டிருக்கலாம். பொறி விழுற டைமிங்கையும் கொஞ்சம் முன்ன தள்ளினேன், "இழுவ கூடும்"னு எவனோ சொன்னான்.

புல்லட்டு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். சாவியப் போட்டு கிக்கர மெதுவா அழுத்தணும், ஆம்பியர் முள்ளு எறக்கத்துல இருந்து நடுவுக்கு வந்து நிக்கிற எடத்தப் பாக்கணும். அங்க எஞ்சின் அழுத்தத்த விடுற டீகம்ப்ரெசர் லிவரப் பிடிச்சு ஒரு விரக்கட தாண்ட விட்டு, கிக்கர மேல வர விட்டு, பொறவுதான் உதைக்கணும். முப்பது வருசமா செஞ்சதுதான். அன்னைக்கும் முள்ளு நடுவுல வந்துச்சு. உதைச்சேன். கிக்கரு பாதி தூரத்துல திரும்பி மேல வந்துச்சு, என் காலோட.

கணுக்கால் வீங்கி, செருப்பு போட முடியல. பிள்ளைங்க ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு நிக்காங்க, நான் பிடிவாதமா தக்கலை பக்கம் ஒரு வர்ம ஆசான்கிட்டப் போனேன். திண்ணையில பத்து பேரு காத்திருக்காங்க. ஆசான் தூரத்துல இருந்தே காலப் பாத்தாரு. தொடல, பேரு கேக்கல.

"புல்லட்டா?"

பத்து பேரும் சிரிச்சாங்க. எண்ணெய் போட்டுக் கட்டினாரு. கட்டிட்டே கேட்டாரு, "டைமிங்கு யாரு வச்சா?" நான் மெக்கானிக்குன்னு பொய் சொன்னேன். எழுபது வயசுக்காரன், பொய்! அவருக்கும் தெரிஞ்சிருக்கும், ஒண்ணும் சொல்லல.

ஸ்பானர்செட்

அண்ணாச்சி, குச்சி வெசயத்துல நீங்க சொல்றது ஒங்க காலத்து வண்டிக்கு. நான் பதினஞ்சு வருசமா இறுக்கித்தான் பாக்கிறேன், எஞ்சின் நல்லாத்தான் இருக்கு.

சாளை வண்டி

மேல எழுதினவங்க, கடக்கரை வண்டிய ஓட்டிப் பாக்கணும். குளச்சல்ல எடுத்து கருங்கல் பக்கம் வரைக்கும் மீன் விக்கிறேன். பின்னால பெட்டி, பெட்டியில ஐஸு. ஐஸ் உருகி உப்புவெள்ளம் சொட்டுச் சொட்டா நேரா செயின்லதான் விழும். உப்புக் காத்து ஒரு பக்கம், இது ஒரு பக்கம். மத்தவங்க வண்டியில ரெண்டு வருசம் ஓடுற செயினு எனக்கு எட்டு மாசம்.

புது செயின் நானே போட்டேன். அந்த லாக் கிளிப்பு இருக்குல்ல, மீன் வாலு மாதிரி ஒரு பக்கம் பிளந்திருக்கும். மூடின பக்கம் செயினு ஓடுற திசையப் பாத்து இருக்கணும். எனக்குத் தெரியாம இல்ல. விடிய மூணரை மணிக்கு டார்ச்ச வாயில கடிச்சிட்டு மாட்டினேன், திரும்பிட்டு.

கருங்கல் ஏத்தத்துல டப்புன்னு ஒரு சத்தம். எஞ்சின் உறுமுது, வண்டி நகரல. திரும்பிப் பாத்தா செயினு ரோட்டுல பாம்பு மாதிரி கிடக்கு. பெட்டியில இருபது கிலோ சாளை. வெயிலு ஏறுது. ஐஸு ஒழுகுது. எனக்கு வெப்ராளம்னா வெப்ராளம். கூவக்கூட வாய் வரல.

ஒரு அம்மை வாசலத் தூத்துட்டு இருந்தாங்க. வந்து பெட்டியத் தொறந்து பாத்தாங்க, ஒரு மீன எடுத்துச் செவுளத் தூக்கிப் பாத்தாங்க. பிறகு அவங்களே தெருவப் பாத்து "சாளை வந்திருக்கு, நல்ல பச்ச மீனு"ன்னு ஒரு கூப்பாடு போட்டாங்க பாருங்க. முக்கா மணி நேரத்துல பெட்டி காலி. நான் எடை போடுறேன், அவங்க பேரப்பய ரோட்டுல செயின் லிங்க்கத் தேடுறான். பின்னு கிடைச்சுச்சு, தகடு கிடைச்சுச்சு, கிளிப்பு மட்டும் இல்ல. கட்டுக்கம்பிய மூணு சுத்து சுத்தி, முதல் கியர்லயே உருட்டிட்டு வந்து சேந்தேன்.

வண்டி நல்லா ஓடின நாள்லகூட அவ்வளவு சீக்கிரம் வித்ததில்ல. காசு எண்ணிட்டு இருந்ததுல அந்த அம்மைக்கு ரெண்டு மீன் எடுத்து வைக்க மறந்துட்டேன். மறுநா கொண்டு போனேன், வீடு பூட்டிக் கிடந்துச்சு. மகன் வீட்டுக்குப் போயிட்டாங்களாம்.

இப்போ சாயங்காலம் நல்ல வெள்ளத்துல செயினக் கழுவி, காஞ்ச பிறகு ஆயில் விடுறேன். பெட்டிக்கு அடியில ஒரு டியூப்பச் சொருகி வெள்ளத்த ஓரமா இறக்கி விட்டிருக்கேன்.

தோவாளைப் பிச்சி

நானும் எழுதலாமா? ஸ்கூட்டர்தான், பைக் இல்ல.

மழை நாள்ல இழுக்காம நின்னு நின்னு போகும். கடைக்குக் கொண்டு போனேன். பக்கத்து வீட்டுப் பையன் சும்மா கூட வந்தான், ஆறாங்கிளாஸ். நான் சொல்லச் சொல்ல அந்த மெக்கானிக் அவனப் பாத்தே பதில் சொல்றாரு. "எப்ப இருந்து தம்பி நிக்குது?" அவனுக்கு என்ன தெரியும், என்னைப் பாக்கிறான். நான் சொல்றேன். "அப்படியா தம்பி"ங்கிறாரு. பிளக்கக் கழத்தினாரு. முனையெல்லாம் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. அத நீட்டினாரு, அவன் கையில. "பாத்தியா தம்பி, எப்படி கரி பிடிச்சிருக்கு."

வண்டி என் பேர்ல. தவணை என் சம்பளத்துல.

அன்னைக்கே வடசேரியில ஒரு பிளக் ஸ்பானர் வாங்கினேன். இப்போ நானே கழத்துவேன். முனை காப்பிப்பொடி நெறத்துல இருந்தா நல்லது, கறுப்புப் பொடியா இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி போகுது இல்ல காத்து போதல, வெளுத்துக் கிடந்தா பெட்ரோல் பத்தல. என் வண்டிக்கு ஏர் ஃபில்டர்தான் நனைஞ்சு அடைச்சிருந்துச்சு. கறுத்துப் போன அந்தப் பிளக்கப் பையன் இன்னும் வச்சிருக்கான், பம்பரம்னு சொல்லிட்டு.

ஸ்பானர்செட்

பிச்சி அக்கா, பிளக் கழத்துறப்ப எஞ்சின் ஆறியிருக்கணும், சூட்டுல கழத்தினா புரி போயிரும். கழத்துறதுக்கு முன்ன சுத்தி இருக்கிற மண்ண ஊதி விடணும், இல்லேன்னா உள்ள விழும். திருப்பிப் போடும்போது முதல்ல கையால...

தோவாளைப் பிச்சி

கேட்டேனா அண்ணா?

தேங்காப்பட்டணம் 75

😂😂 ஸ்பானர்செட், அந்த வேலிக் கதைய முழுசா எழுதும் ஓய்.

இரணியல் ரோடு

எல்லாத்தையும் படிச்சேன். கோட்டாறு அண்ணாச்சி பொய் சொன்னதப் படிச்ச பிறகு கொஞ்சம் தைரியம் வந்துச்சு. இன்னைக்கு பம்மம் வழியா போகாம கடை இருக்கிற ரோட்டுலயே போனேன். ஒரு சீப்பு மட்டியும் வாங்கிட்டுப் போனேன். ஞாயித்துக்கிழமைங்கிறத மறந்துட்டேன், ஷட்டர் பூட்டியிருக்கு. பழத்த வீட்டுல பிள்ளைங்க தின்னுட்டாங்க. நாளைக்கு மறுபடி வாங்கணும்.

ஸ்பானர்செட்

அண்ணாச்சி, வண்டியோட வந்த புக்க எடுத்துப் பாத்தேன். இறுக்காமத்தான் பாக்கணும்னு படம் போட்டிருக்கு.

வேலிக் கதை நாளைக்கு எழுதுறேன்.