சி/இபிபி பீட்டா நிறைய இருக்கிறது, பிபிஏஆர் காமா மட்டும் வரவில்லை: உதவி தேவை

ஆய்வு மாணவி:
வணக்கம். 3டி3-எல்1 என்ற எலி முன்கொழுப்புச் செல்களைக் கொழுப்புச் செல்லாக மாற்ற மூன்று முறை முயன்றுவிட்டேன். தட்டு நிரம்பி இரண்டு நாள் கழித்து மாற்றத்தைத் தூண்டும் ஐபிஎம்எக்ஸ், டெக்சாமெத்தசோன், இன்சுலின் மூன்றும் சேர்க்கிறேன். 4 மணி நேரத்திலேயே வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் சோதனை) சி/இபிபி பீட்டா என்ற, மற்ற ஜீன்களை இயக்கும் புரதம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அது எழுப்ப வேண்டிய, செல்லைக் கொழுப்பாக மாற்றும் புரதங்கள் 3ஆம் நாளும் வரவில்லை: பிபிஏஆர் காமாவும் இல்லை, சி/இபிபி ஆல்பாவும் இல்லை. 8ஆம் நாள் கொழுப்பைச் சிவப்பாக்கும் ஆயில் ரெட் ஓ சாயத்தில் ஓரமாக நாலைந்து செல்கள்தான் சிவக்கின்றன. ஜீனை இயக்க வேண்டிய புரதம் இருந்தும் ஜீன் ஏன் அசையவில்லை?

பிளாட் அண்ணா:
முதலில் பட்டையைப் பாருங்கள். சி/இபிபி பீட்டாவுக்கு இரண்டு வடிவம் உண்டு. 35 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகில் இருப்பது லாப், ஜீனை முடுக்கும் வடிவம். 20 அருகில் இருப்பது லிப். அதற்கு முடுக்கும் பகுதியே கிடையாது. டிஎன்ஏவில் இடத்தைப் பிடித்துக்கொண்டு லாப்பைத் தடுக்கும். புரதத்தின் சி முனையை, அதாவது கடைசி முனையைப் பிடிக்கும் ஆன்டிபாடியில்தான் இரண்டும் தெரியும்.

ஆய்வு மாணவி:
சி முனை ஆன்டிபாடிதான். மேல் பட்டைதான் தடிமன், கீழே லேசான நிழல்.

செல் வளர்ப்பவர்:
அப்படியானால் லிப் காரணமில்லை. புரதம் இருப்பது வேறு, அது டிஎன்ஏவைப் பிடிப்பது வேறு. 4 மணி நேரத்தில் வரும் சி/இபிபி பீட்டாவுக்கு அந்தப் பிடி இன்னும் வந்திருக்காது. முதலில் மேப் கைனேஸ், அப்புறம் ஜிஎஸ்கே3 பீட்டா என்று இரண்டு நொதிகளும் அதில் பாஸ்பேட் ஏற்ற வேண்டும். ஏறத்தாழ 14 முதல் 16 மணி நேரம் கழித்துத்தான் அது டிஎன்ஏவில் உட்காரும். அந்த நேரத்தில்தான் நின்றுபோன செல்கள் மறுபடி பகுபடத் தொடங்கும். பிபிஏஆர் காமா, சி/இபிபி ஆல்பா இரண்டையும் எழுப்புவது இந்தப் பிடிதான். எழுந்த பிறகு அவை ஒன்றையொன்று தூக்கிவிடும்.

மருந்து சேர்க்கும் முன்பும் 2ஆம் நாளும் செல்களை எண்ணினீர்களா?

ஆய்வு மாணவி:
இன்று எண்ணினேன். எண்ணிக்கை கூடவே இல்லை! இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய குடுவைகளில் செல்கள் முழுக்க நிரம்பிய பிறகே அவற்றைப் பிரித்துப் புதுக் குடுவைக்கு மாற்றி வந்தேன். அப்படி மாற்றிய முறை, அதாவது பாசேஜ், 20 தாண்டிவிட்டது.

செல் வளர்ப்பவர்:
சிக்கல் அங்கேதான். நெரிசலில் வளர்த்து வளர்த்து, கொழுப்பாக மாறும் செல்கள் குறைந்துபோயிருக்கும். குறைந்த பாசேஜ் குப்பியை எடுங்கள். 70 சதவீதம் நிரம்புவதற்குள் பிரியுங்கள். வளர்ப்பு ஊட்டத்தில் மருந்து சேர்க்கும் நாள் வரை கன்றுச் சீரம், அந்த நாளிலிருந்து கருக்கன்றுச் சீரம்.

ரோசிகிளிட்டசோன் மருந்தும் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பேன். அது பிபிஏஆர் காமாவில் ஒட்டி வேலை செய்வது. முந்தைய படி தடுமாறுவதை அது மறைத்துவிடும்.

ஆய்வு மாணவி (மூன்று வாரம் கழித்து):
புதுக் குப்பியில் 2ஆம் நாள் எண்ணிக்கை மூன்று மடங்கு! 3ஆம் நாள் பிபிஏஆர் காமா இரட்டைப் பட்டையாக வந்தது, காமா 1, காமா 2. 5ஆம் நாள் நுண்ணோக்கியில் கருவைச் சுற்றி மின்னும் சின்னத் துளிகள். மிக்க நன்றி அண்ணா. அடுத்து 4 மணி, 20 மணி இரண்டிலும் சிப் (புரதம் டிஎன்ஏவில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காட்டும் சோதனை) செய்து, சி/இபிபி பீட்டா எப்போது டிஎன்ஏவில் உட்காருகிறது என்று நேரிலேயே பார்க்கப்போகிறேன்.