பின் ஷாக்கோடு மல்லுக்கட்டிய கதைகள்: மணல், கண்மாய், உப்புக்காற்று

உச்சிப்புளியிலிருந்து:

போன வருஷம் ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 4வி ப்ரோ பைக் எடுத்தேன். பின்சக்கரம் 220 மி.மீ. ஏறி இறங்கும், இருக்கை 891 மி.மீ. உயரம். எனக்கு ஒரு கால்தான் தரையில் எட்டும். எடை மட்டும் தாராளம், 94 கிலோ.

அரியமான் பக்கம் பனங்காட்டு மணலில் இறக்கினேன். டிராக்டர் போய்ப்போய் அலை அலையாகக் கிடக்கும் பாதை அது. பின்னால் வந்த மச்சான், "ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளுது மாப்ள, ஷாக்கு ரொம்ப டைட்டு" என்றான். நானும் நம்பி, ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்திவைக்கும் ப்ரீலோடு நட்டைத் தளர்த்தினேன். அடுத்த வாரம் டங்கென்று அடியில் இடித்தது, முதுகு வரை ஏறியது. தளர்த்தியதால் வண்டி முதலிலேயே பாதி அமுங்கி நின்றிருக்கிறது, பள்ளம் வந்தபோது அமுங்க இடமில்லை.

மதுரையில் ஒரு கடையில் காட்டினேன். ஷாக்கையே மாற்றச் சொன்னார்கள். அந்த விலைக்கு இங்கே ஒரு பழைய மொபெட் வாங்கலாம். டேப் எடுத்து அளந்துகூடப் பார்க்கவில்லை, அதுதான் எரிச்சல்.

அப்புறம் வீட்டிலேயே அளந்தோம். வண்டியைத் தூக்கி, பின்சக்கரத்தைத் தொங்கவிட்டு, அச்சு நட்டிலிருந்து நேர் மேலே மட்கார்டில் போட்ட கோடு வரை 612 மி.மீ. சக்கரத்தைத் தரையில் வைத்து, ஆள் ஏறாமல் அளந்தால் 574. ஹெல்மெட், பூட்ஸோடு நான் ஏறி உட்கார்ந்ததும் 512. அதாவது 100 மி.மீ. உட்காருகிறது. சக்கரம் ஏறி இறங்கும் அந்த 220-இல் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 70 மி.மீ. உட்கார்ந்தால் போதும்.

ப்ரீலோடை முறுக்கி முறுக்கி 72-க்குக் கொண்டுவந்தேன். சரி, முடிந்தது என்று நினைத்தால் இல்லை. இப்போது ஆள் இல்லாமல் வண்டி வெறும் 10 மி.மீ.தான் உட்கார்ந்தது. நான் பார்த்ததிலேயே பலரும் விட்டுவிடுகிற இடம் இதுதான். ஆள் ஏறினால் அளவு சரி, வெறும் வண்டி மட்டும் உட்கார மாட்டேன் என்கிறது என்றால், ஸ்பிரிங் கடினம் என்றுதான் தோன்றும். உண்மை நேர் எதிர். என் எடைக்கு அந்த ஸ்பிரிங் மெலிசு, அதை அளவுக்கு மீறி அழுத்திவைத்திருக்கிறேன். ப்ரீலோடு ஸ்பிரிங்கின் பலத்தைக் கூட்டாது, அது எங்கிருந்து தாங்கத் தொடங்குகிறது என்பதைத்தான் மாற்றும். இன்னும் கனமான ஸ்பிரிங் போட்டதும் வெறும் வண்டி 27, ஆளோடு 70. ஷாக் பழைய ஷாக்கேதான்.

துள்ளல் மட்டும் போகவில்லை, இன்னும் கொஞ்சம் கூடியது. கனமான ஸ்பிரிங் வேகமாகத் திருப்பித் தள்ளும் அல்லவா? ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப நிமிர்வதை, கொஞ்சம் இறுக்கி மெதுவாக்க வேண்டும். அதற்கான திருகை மெதுவாகக் கடைசி வரை மூடி, கிளிக் எண்ணிக் குறித்துக்கொண்டேன். பிறகு பழைய இடத்துக்கே திறந்து, அங்கிருந்து இரண்டிரண்டு கிளிக்காக இறுக்கி, ஒவ்வொரு தடவையும் அதே மணலில் ஒரு ஓட்டம். ஒரே நேரத்தில் இரண்டைத் திருகினால் எது என்ன செய்தது என்று தெரியாது.

ஒன்று சொல்ல மறந்தேன். ஆமை முட்டையிடும் மாதங்களில் கடற்கரை மணலில் ஏற்றாதீர்கள். பனங்காட்டில் போதுமான மணல் இருக்கிறது.

கீழக்கரையிலிருந்து:

எனக்கு வந்தது வேறு வியாதி. என் பைக் ஹிமாலயன் 411, ஏர்வாடி தாண்டி வாலிநோக்கம் வரை அடிக்கடி போவேன். ஒரு மழைக்காலம் முடிந்ததும் பின்பக்கம் கட்டை மாதிரி ஆகிவிட்டது. ஷாக் போய்விட்டது என்று புதுசுக்கு விலைகூட விசாரித்தேன்.

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, "தம்பி, சக்கரத்தைத் தூக்குங்க" என்றார். ஷாக் கழன்றபின், பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் தொட்டில் மாதிரி ஆட வேண்டும். அசையவே இல்லை. அதையும் ஷாக்கையும் இணைக்கும் லிங்கேஜ் பேரிங்குக்குள் உப்பும் மணலும் சேர்ந்து ஊசி பேரிங் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. கரை மணலைப் போக்க நான் வாரா வாரம் பிரஷர் தண்ணீர் அடித்ததில் கிரீஸும் சேர்ந்து போயிருக்கிறது. பேரிங் மாற்றி, தண்ணீர் தாங்கும் கிரீஸ் வைத்ததும் ஷாக் உயிர்த்துவிட்டது. கடலோரத்தில் இருப்பவர்கள் கிளிக் எண்ணுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

தொண்டியிலிருந்து:

மணலில் எனக்குப் பிரச்சினை இல்லை. காய்ந்த கண்மாய்க்குள்தான். மாட்டுக் குளம்பும் டயர் தடமும் கல்லாக இறுகிக் கிடக்கின்றன. முதல் இரண்டு மேடு சுகமாகப் போகிறது, நாலாவதில் இடிக்கிறது. ஷாக் அமுங்கும் வேகத்தை அடக்கும் கம்ப்ரஷனைக் கூட்டட்டுமா?

உச்சிப்புளியிலிருந்து:

கூட்டாதீங்க. முதல் மேட்டிலேயே தூக்கிப் போட்டால் ரீபவுண்டு வேகம் அதிகம். முதலில் நன்றாகப் போய், போகப்போக இடித்தால் ரீபவுண்டு மந்தம். ஒரு மேட்டில் அமுங்கிய ஷாக் முழுசாக நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது, பின்பக்கம் படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போகிறது. இரண்டு கிளிக் திறந்து பாருங்கள். காலை வெயில் ஏறும் முன் ஒரு தடவை, அரை மணி நேரம் ஓட்டியபின் ஒரு தடவை. எண்ணெய் சூடானால் இளகும், காலையில் மந்தமாக இருந்தது மதியம் சரியாகவே தெரியலாம்.

தொண்டியிலிருந்து:

மூன்று கிளிக் திறந்தேன். நாலாவது மேடு தாண்டிவிட்டது. ஏழாவதில் நான் விழுந்தது ஷாக்கால் இல்லை, குறுக்கே வந்த ஆட்டால்.