புதுப்பிப்பு: மணலில் படர்ந்த பழுப்புச் சளி டைனோதான்

கடல்நீர்த் தொட்டியில் மணலின் மேல் குமிழ்களோடு படரும் பழுப்புச் சளி டையட்டமா (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி), சயனோவா (சயனோபாக்டீரியா) என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டும் இல்லை, டைனோஃப்ளாஜெலேட் (சுருக்கமாக டைனோ) என்ற ஒற்றைச் செல் உயிரி.

சளியைக் கொஞ்சம் தொட்டித் தண்ணீரோடு பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்கி, காபி ஃபில்டர் தாளில் வடிகட்டி, வடிந்த நீரை விளக்கடியில் வைத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி இழை இழையாகத் திரண்டுவிட்டது. டையட்டம் இப்படித் திரளாது. அப்புறம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், ஒரு முனை கூரான துளி வடிவம், ஓரிடத்தில் கட்டிப்போட்டதுபோல் சுற்றிக்கொண்டே இருக்கிறது: ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற டைனோ இனம். நத்தைகள் செத்ததற்கும் இதன் நச்சு காரணமாக இருக்கலாம்.

பாசிக்குச் சத்தான நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் தண்ணீரில் பூஜ்யமாக இருந்தன. பாசி என்றாலே சத்தைக் குறை என்பார்கள், இங்கே தலைகீழ்: சத்தே இல்லாவிட்டால் போட்டிக்கு வரும் மற்ற பாசிகள் குறைந்து டைனோ பெருகும். நைட்ரேட்டை 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு), பாஸ்பேட்டை 0.1 பிபிஎம் பக்கம் ஏற்றி, தண்ணீர் மாற்றுவதையும் நிறுத்திவைத்தேன். இந்த இனம் இரவில் மணலை விட்டு நீரில் மிதக்கும் என்பதால், ஓடும் நீரில் உள்ள நுண்ணுயிர்களைக் கொல்லும் யூவி (புற ஊதா) விளக்கு போட்டேன். நச்சை உறிஞ்ச ஆக்டிவேட்டட் கார்பனும் போட்டேன். (மணலிலேயே கிடக்கும் பெரிய ஆம்ஃபிடினியம் என்ற வேறு டைனோ என்றால் யூவி பெரிதாக உதவாது.)

இப்போது மணல் வெளுத்துவிட்டது. பாறையில் கொஞ்சம் பச்சைப் பாசி வந்திருக்கிறது, அது சந்தோஷம்தான். யூவியை இன்னும் கழற்றவில்லை.