தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை, கலெக்டர் ஆபீஸா பஞ்சாயத்தா?

அணைக்கட்டு வாசி:
டெக்சாஸில் இருக்கும் தம்பி நேற்று போனில் சொன்னான், அங்கே கவுண்டி என்று ஒன்று இருக்கிறதாம், வீட்டு வரி வாங்குவது, பத்திரம் பதிவது, கல்யாண லைசென்ஸ் கொடுப்பது எல்லாம் அதுதான், ஷெரீப்பைக்கூட ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்களாம். நம்ம மாவட்டம் மாதிரிதான் அண்ணா என்றான். எனக்கு அப்படித் தெரியவில்லை. எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வந்து ஒரு மாதம் ஆகிறது, வேலூர் சத்துவாச்சாரிக்கு இரண்டு தடவை போய் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தாச்சு. எதற்கு யாரிடம்தான் போவது?

காட்பாடி, ஓய்வுபெற்ற விஏஓ:
தம்பி, டெக்சாஸ் கவுண்டியை நடத்துகிறவர்கள் தேர்தலில் ஜெயித்து வருகிறவர்கள். நம் கலெக்டர் அரசு நியமிக்கிற ஐ.ஏ.எஸ். அதிகாரி. பட்டா, சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை, வெள்ள நிவாரணம் எல்லாம் அவருக்குக் கீழே தாசில்தார், ஆர்.ஐ. என்கிற வருவாய் ஆய்வாளர், விஏஓ என்கிற கிராம நிர்வாக அலுவலர் என்று இறங்கி வரும். பத்திரமும் கல்யாணப் பதிவும் சார்பதிவாளரிடம். குடிதண்ணீர், தெருவிளக்கு, குப்பை ஊராட்சி வேலை, வீட்டு வரியும் அங்கேதானே கட்டுகிறாய். நீ கொடுத்த மனு பி.டி.ஓ. என்கிற வட்டார வளர்ச்சி அலுவலர் வழியாகச் சுற்றி ஊராட்சிச் செயலர் மேசைக்குத்தான் வந்து சேரும். முதலில் டேங்க் ஆபரேட்டரைப் பிடித்து, மோட்டார் பழுதா, லைன் உடைந்ததா என்று கேள்.

அரக்கோணம் மருமகள்:
அதற்காக மனு கொடுத்தது வீண் என்று நினைக்காதீர்கள் அண்ணா. 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரிப்பதற்கு முன்னால் நாங்கள் எதற்கும் வேலூருக்குத்தான் வரணும். என் மாமியாரின் விதவை உதவித்தொகைக்காக ஒரு திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் வரிசையில் நின்றோம், மனுவை கம்ப்யூட்டரில் ஏற்றி நம்பர் போட்ட சீட்டு ஒன்று கொடுத்தார்கள். அத்தை அதை மடித்து ரேஷன் கார்டு கவருக்குள் வைத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து ஒரு அலுவலகத்தில் “உங்க மனுவே வரலையே” என்றார்கள். அந்தச் சீட்டை நீட்டின பிறகுதான் தேடி எடுத்தார்கள். உங்கள் சீட்டையும் பத்திரமாக வையுங்கள்.

பேரணாம்பட்டு விவசாயி:
கிராம சபையை யாருமே சொல்லவில்லையே. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தேதிகளில் கட்டாயம் நடக்கும், 2022-லிருந்து மார்ச் 22, நவம்பர் 1 தேதிகளும் சேர்ந்துவிட்டன. ஓட்டுரிமை உள்ள யாரும் எழுந்து பேசலாம், வரவு செலவைப் படிக்கச் சொல்லலாம். வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள் சார், தண்ணீர் விஷயத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்து, எழுதியதை அங்கேயே வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வாருங்கள். எங்கள் ஊர் ஏரிக்கரைத் தெருவுக்கு விளக்கு வந்தது அப்படித்தான்.

அணைக்கட்டு வாசி:
ஐயா சொன்னபடி இன்று காலையில் ஆபரேட்டரைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்து மூலையில் கேட் வால்வு உடைந்து தண்ணீரெல்லாம் கால்வாய்க்குப் போகிறது, கூட்டிப்போய்க் காட்டினார். போட்டோ எடுத்து, மனு சீட்டின் நகலையும் சேர்த்துச் செயலரிடம் கொடுத்திருக்கிறேன். ஆள் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.